டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணை நம்பி ஆர்.ஓ. வாங்கலாமா?

சனிக்கிழமை காலை. அழைப்பு மணி அடிக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. “சார், உங்க ஏரியாவுல ஃப்ரீயா தண்ணி டெஸ்ட் பண்றோம். ரெண்டே நிமிஷம்தான்” என்கிறார் வந்தவர்.

இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நான்கு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் முக்கி, ப்ளக்கைச் செருகுவார். ஒரு நிமிடத்துக்குள் உங்கள் வீட்டுத் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் குழம்பி, சாக்கடை மாதிரி ஆகிவிடும். அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். “இதைத்தான் சார் உங்க குழந்தைங்க தினமும் குடிக்குது.”

இதைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் பயம் வராது? 15,000 ரூபாய் மெஷினுக்கு அங்கேயே ஜிபே செய்தவர்கள் நிறைய பேர்.

ஆனால், டம்ளரில் தெரிந்த அந்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்தது இல்லை. கருவியின் கம்பியில் இருந்து வந்தது.

அந்தக் கருவியில் இருப்பது பெரும்பாலும் இரும்பு, அலுமினியக் கம்பிகள். உப்புகள் கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி அரித்து, துருவாகத் தண்ணீரில் இறங்குகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் அரிக்காது. அதனால் அது தெளிவாக இருக்கிறது. அவ்வளவுதான் வித்தை. அடுத்த முறை யாராவது இதைச் செய்து காட்டினால், அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

மீட்டர் எதை அளக்கிறது?

கம்பி வித்தைக்கு அடுத்தபடி வருவது டி.டி.எஸ். மீட்டர். பேனா மாதிரி இருக்கும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் முக்கினால் 420, 860 என்று ஓர் எண் காட்டும். “50-க்குள்ள இருக்கணும் மேடம், உங்களுக்கு 420 இருக்கு” என்பார்கள்.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு. கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் போன்றவைதான் அதில் பெரும்பகுதி. மீட்டர் இவற்றைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகிறது.

இதில் இருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, மின்சாரம் கடத்தாத எதுவும் இந்த மீட்டருக்குத் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிப் பாருங்கள், எண் பெரிதாக மாறாது. கிருமிகளும் அப்படித்தான். மொட்டை மாடியில் காக்கை எச்சத்தின் மேல் விழுந்து வழிந்த மழைநீருக்கு டி.டி.எஸ். 50-க்குக் கீழேகூட இருக்கலாம். அதற்காக அதை அப்படியே குடிக்க முடியுமா?

இரண்டு, மீட்டர் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. இளநீரில் விட்டால் ஆயிரக்கணக்கில் காட்டும், ஏனென்றால் அதில் பொட்டாசியம் அதிகம். மறுபக்கம், குடிநீரில் ஈயம் இருக்கக்கூடிய உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் இந்த மீட்டரின் எண்ணில் ஒன்றுகூடக் கூடாது.

சரி, எவ்வளவு டி.டி.எஸ். இருக்கலாம்? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் டி.டி.எஸ்.ஸுக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. 600-க்குக் கீழே இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1,000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காமல் போகும் என்று சுவையை வைத்துத்தான் பேசுகிறது. “50-க்குள் இருக்க வேண்டும்” என்ற விதி இந்த இரண்டிலுமே இல்லை. அது விற்பனைக்காரர்களின் விதி.

இன்னொரு பக்கம், ‘ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் எலும்பு தேயும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்பிப் பதற வேண்டாம். நமக்குத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பாலும் சாப்பாட்டில் இருந்துதான் வருகின்றன. ஆர்.ஓ. தண்ணீர் விஷம் இல்லை. தேவையில்லாத வீட்டில் அது வெறும் செலவு, கூடவே தண்ணீர் விரயம்.

யாருக்கு உண்மையிலேயே வேண்டும்?

இங்கேதான் ஊருக்கு ஊர் கதை மாறுகிறது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே மிகக் குறைவு. அதற்கு ஆர்.ஓ. மாட்டுவது, உப்பே போடாத குழம்பில் இருந்து உப்பை எடுக்க முயல்வது மாதிரி. ஆனால், அதே கோவையில் போர் தண்ணீரும் சிறுவாணியும் ஒரே சம்ப்பில் விழும் வீடுகளும் உண்டு. அங்கே குழாயில் வருவதைச் சிறுவாணி என்று சொல்லிக்கொள்ள முடியாது. முடிந்தால் குடிக்கும் தண்ணீருக்குத் தனிக் குழாய் போடுவதுதான் அந்த வீட்டுக்கு முதல் வேலை. மெஷினைவிட அதற்குச் செலவு குறைவாகவே ஆகலாம்.

சென்னையில் மெட்ரோ வாட்டர் பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், வீராணம் ஆகியவற்றில் இருந்து வருகிறது. போதாததற்குக் கடல்நீரைச் சுத்திகரித்தும் தருகிறார்கள். மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் அந்த ஆலைகள் ஓடத் தொடங்கின. கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலைகளில் நடப்பதும் ஆர்.ஓ.தான். ஏற்கெனவே ஒருமுறை ஆர்.ஓ. ஆன தண்ணீருக்கு வீட்டுச் சமையலறையில் இன்னொரு முறை ஆர்.ஓ. செய்பவர்கள் தென் சென்னையில் இருக்கிறார்கள்!

மெட்ரோ வாட்டரில் கவலைப்பட வேண்டியது உப்பு பற்றி அல்ல, கிருமி பற்றி. பழைய குழாய் உடைந்து கழிவுநீர் கலப்பது, கழுவாத சம்ப், மூடி இல்லாத ஓவர்ஹெட் டேங்க் ஆகியவைதான் பிரச்சினை. அதற்குப் புற ஊதாக் கதிர் கொண்ட யு.வி. மெஷினோ, நன்றாகக் கொதிக்க வைப்பதோ போதும். தளதளவெனக் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் நோய்க்கிருமிகள் செத்துவிடும். இருபது நிமிடம் கொதிக்க வைத்து கேஸைத் தீர்க்கத் தேவையில்லை. ஆற வைத்த தண்ணீரில் கை படாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். பானையில் சொம்பை விட்டு மொண்டால், கொதிக்க வைத்த புண்ணியம் அதிலேயே போய்விடும். குழாய் வைத்த பாத்திரம் நல்லது.

யு.வி. வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது தெளிந்த தண்ணீரில்தான் வேலை செய்யும். கலங்கலாக இருந்தால் கிருமிகள் அந்தத் துகள்களின் நிழலில் தப்பித்துவிடும். அதனால் அதற்கு முன்னால் நல்ல ஃபில்டர் வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் வீரியம் குறைந்துகொண்டே வரும், ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுவதில் தொடங்கி, எலும்பையே வளைக்கிற அளவுக்குக் கொண்டுபோகக்கூடியது அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5-க்கு மேல் கூடவே கூடாது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. கொதிக்க வைத்தால் போகாது. யு.வி.யாலும் போகாது. இந்த மாதிரி போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்றால், ஆர்.ஓ. வாங்குவது ஆடம்பரம் இல்லை.

நைட்ரேட் இன்னொன்று. இது கிராமத்தில் உரத்தில் இருந்து வரும், நகரத்தில் கழிவுநீரில் இருந்து வரும். ஒரு கிரவுண்ட் மனையில் ஒரு மூலையில் செப்டிக் டேங்க், இன்னொரு மூலையில் போர் என்று இருக்கும் புறநகர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், இதில் தளர்வே கிடையாது. பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். கொடுமை என்னவென்றால், கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி, நைட்ரேட்டின் அடர்த்தி இன்னும் கூடும். வீட்டில் பவுடர் பால் குடிக்கும் குழந்தை இருந்து, தண்ணீர் போரில் இருந்து வருகிறது என்றால், இதைப் பரிசோதிக்காமல் இருக்காதீர்கள்.

ஓ.எம்.ஆர். மாதிரியான இடங்களில் டேங்கர் லாரியை நம்பி வாழும் அடுக்குமாடிகளுக்கும் ஆர்.ஓ. நியாயமான தேர்வுதான். இந்த வாரம் ஒரு கிணறு, அடுத்த வாரம் வேறு கிணறு. என்ன வருகிறது என்று லாரிக்காரருக்கே முழுசாகத் தெரியாது. கடலோரப் பகுதிகளில் உப்புநீர் உள்ளே புகுந்த போர்களுக்கும் இதே கதைதான்.

மெஷினுக்குள் ஒரு திருகு

ஆர்.ஓ. வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை ஸ்டேஜ்’ என்பது இல்லை. ஏழு ஸ்டேஜ், ஒன்பது ஸ்டேஜ் என்பதெல்லாம் பிளாஸ்டிக் குப்பிகளின் எண்ணிக்கை. காப்பர், ஆல்கலைன் என்று கூடுதலாக இரண்டாயிரம் வாங்குவதையும் தாண்டி வந்துவிடலாம். நம் வயிற்றில் இருக்கும் அமிலத்துக்கு முன்னால் ஆல்கலைன் தண்ணீர் எம்மாத்திரம்?

கேட்க வேண்டியது, ‘இதில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கிறதா, எப்படி வேலை செய்கிறது?’ என்பதைத்தான். பல மெஷின்களில் இது ஒரு சின்னத் திருகு. ஆர்.ஓ. தண்ணீர் சுவையில்லாமல் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, ஆர்.ஓ. சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் பைபாஸ் செய்து இதில் கலப்பார்கள். ‘இயற்கையான தாது உப்புகளைத் தக்கவைக்கிறோம்’ என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இதுதான். உப்பு மட்டுமே பிரச்சினையாக இருக்கும் தண்ணீருக்கு இது சரி. ஆனால், ஃபுளோரைடுக்காகவோ நைட்ரேட்டுக்காகவோ நீங்கள் ஆர்.ஓ. வாங்கியிருந்தால், அந்தத் திருகு வழியாக அதே ஃபுளோரைடு மறுபடி டம்ளருக்கு வருகிறது. அப்படிப்பட்ட வீடுகளில் கன்ட்ரோலரை முழுவதும் மூடச் சொல்லுங்கள்.

அடுத்தது விரயம். ‘ஒரு லிட்டர் எடுக்க எத்தனை லிட்டர் கழிவாகப் போகும்?’ என்று எண்ணாகக் கேளுங்கள். வழக்கமான வீட்டு மெஷின்களில் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வெளியே போவது சாதாரணம். குடிக்கவும் சமைக்கவும் தினமும் 20 லிட்டர் எடுக்கும் வீட்டில் 60 லிட்டர் கழிவு. வருடத்துக்கு 21,900 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. தண்ணீருக்கு லாரிக்காரரிடம் கெஞ்சும் ஊரில் இது சின்னக் கணக்கு இல்லை. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும், மற்ற இடங்களில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் மீள வேண்டும் என்று 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதும் இந்த விரயத்தால்தான்.

அந்தக் கழிவு நீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். துளசிச் செடிக்கு ஊற்றும் முன் யோசியுங்கள். உள்ளே போன தண்ணீர் 900 என்றால், வெளியே வரும் கழிவு 1,170 வாக்கில் இருக்கும். தொட்டிச் செடி மெல்ல மெல்லக் கருகும். மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விடவே கூடாது. உங்கள் போரில் நீங்களே உப்பைச் சேர்த்த மாதிரி ஆகிவிடும்.

இனி ஏ.எம்.சி. மெஷின் விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். சவ்வு, ஃபில்டர்கள் உள்பட எல்லாம் அடங்கிய ஒப்பந்தமா, ஆள் வந்து பார்ப்பதற்கு மட்டுமான ஒப்பந்தமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் விலையையும் வாங்கும் அன்றே கேட்டு, போனில் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று வருடச் செலவைக் கூட்டிப் பார்த்தால், மலிவான மெஷின் மலிவாக இல்லாமல் போகலாம்.

மீட்டரின் சரியான வேலை

இவ்வளவு திட்டிய அந்த டி.டி.எஸ். மீட்டருக்கு உண்மையில் ஒரு நல்ல வேலை இருக்கிறது. சர்வீஸ் ஆள் வந்து, “மெம்பரேன் போயிடுச்சு சார், மாத்தணும்” என்று சொல்லும்போது, அது நிஜமா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

மெஷின் புதிதாக மாட்டிய வாரத்தில், உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். உள்ளே 900, வெளியே 80 என்றால் 91 சதவீத உப்பை மெஷின் தடுக்கிறது. மாதம் ஒருமுறை இப்படிப் பாருங்கள். உள்ளே அதே 900 இருக்க, வெளியே 80 என்பது 150 ஆகி, 270-ஐத் தொட்டால், தடுப்பது 70 சதவீதமாகிவிட்டது. சவ்வு தளர்கிறது, மாற்றலாம். எண் மாறாமல் இருக்கும்போது அவர் மாற்றச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ஒரு விஷயம், கன்ட்ரோலர் திருகை யாராவது திருப்பியிருந்தாலும் இந்த எண் ஏறும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் மெதுவாக வருகிறது என்றால் சவ்வைக் குறை சொல்லும் முன் முதல் ஃபில்டரைப் பாருங்கள், பல நேரம் அடைப்பு அங்கேதான் இருக்கும். கார்பன் ஃபில்டரைக் காலத்தில் மாற்றாவிட்டால் மெட்ரோ வாட்டரின் குளோரின் சவ்வையே அரித்துவிடும். அதோடு, குளோரின் நீங்கிய தண்ணீர் மெஷினின் தொட்டியில் நாள்கணக்கில் நின்றால் அதில் மறுபடி கிருமி வளரும். ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், தொட்டியில் நின்றதைத் திறந்துவிட்டுப் புதிதாகப் பிடித்துக் குடியுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

வேலை மாறினால் வீடும் மாறும். வேளச்சேரி போர் தண்ணீருக்கு வாங்கிய மெஷின், அண்ணா நகர் மெட்ரோ வாட்டருக்குத் தேவைப்படாமல் போகலாம். ஒரு வருடத்துக்கும் குறைவாக இருக்கப்போகும் வீடு என்றால் மாத வாடகைக்கு மெஷின் தரும் சேவைகளைப் பார்க்கலாம். கேன் தண்ணீரே போதும் என்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், அடைத்த தேதி இரண்டும் கேனில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த கடையில் வாங்காதீர்கள்.

அடுக்குமாடி என்றால், அசோசியேஷனிடம் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். “நம்ம அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் இருக்கு, தண்ணி சூப்பர்” என்று பதில் வரும். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், கீசரில் வெள்ளைப் படிவு குறையும். டி.டி.எஸ். குறையாது, கிருமியும் சாகாது, ஃபுளோரைடும் போகாது. அது குளிக்கும் தண்ணீருக்கான ஏற்பாடு.

அறிக்கை இல்லை என்றால் நாமே பரிசோதிக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு, கட்டணம் கட்டினால் பொதுமக்களின் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. டி.டி.எஸ்., கடினத்தன்மை, பி.எச்., இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, கோலிஃபார்ம் ஆகிய ஏழையும் கேளுங்கள். மெஷின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறியது.

ரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கோலிஃபார்முக்கு அப்படி இல்லை. ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அதை அலசக் கூடாது. குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, பாட்டிலின் வாயில் கை படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் போட்டு அன்றைக்கே சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்க ஆய்வகத்துக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும் என்பதால், வாரக் கடைசியில் கொண்டுபோனால் திருப்பி அனுப்பக்கூடும். போனில் கேட்டுவிட்டு, திங்களோ செவ்வாயோ ஆபீஸ் போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.